மீட்டர் ஓடாத பழைய கேமராவில் பிலிம் பழகுவது எப்படி?

கோபிப் பக்கம் சொந்த ஊர், திருப்பூரில் வேலை. காலமான பெரியப்பாவின் ஸ்டூடியோ அலமாரியிலிருந்து ஒரு பென்டாக்ஸ் கே1000 கேமரா, அதோடு ஒரு 50 எம்எம் லென்ஸ், பிரிக்காத இரண்டு ‘இந்து’ பிலிம் பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டரின் முள் அசையவில்லை. பிலிம் விற்கிற விலைக்கு ரோல் ரோலாக வீணடித்துப் பழக முடியாது. இந்தக் கேமராவே போதுமா, மீட்டர் ஓடுகிற வேறொன்று வாங்க வேண்டுமா, பிலிமை வீட்டிலேயே கழுவ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

போதும். வேறு எதுவும் வாங்க வேண்டாம். கே1000 என்பது 1976ல் வந்து 1997 வரை தயாரான கேமரா. ஷட்டரிலிருந்து பிலிம் நகர்த்தும் பல்சக்கரம் வரை எல்லாமே ஸ்பிரிங்கிலும் கியரிலும் ஓடுபவை. பேட்டரிக்கு அதில் ஒரே வேலைதான், மீட்டர் முள்ளை ஆட்டுவது. அதே ஆண்டில் வந்த கேனான் ஏஇ-1ல் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே திறக்காது. நிக்கான் எஃப்எம், எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 ஆகியவை கே1000ன் ஜாதி. பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்திலும் ஓடும். இன்னும் ஒன்று சொல்வேன். மீட்டர் ஓடாததை இழப்பாக நினைக்காதீர்கள். பிலிமில் கற்க வேண்டியதில் பெரும்பங்கு வெளிச்சத்தைக் கண்ணால் எடை போடுவதுதான். அது கைவந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கம். மீட்டர் முள்ளைப் பார்த்தே பழகியவர்களுக்கு அந்தக் கண் வர வருஷக்கணக்கில் ஆகிறது. சிலருக்கு வருவதே இல்லை.

முதலில் கேமராவைச் சோதித்துவிடுவோம். அடிப்பக்க மூடியைத் திறந்தால் எல்ஆர்44 பேட்டரி ஒன்று இருக்கும். வருஷக்கணக்கில் அப்படியே கிடந்ததென்றால் கசிந்து, தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். கசிவது காரம் என்பதால், பட்ஸ் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் கரைந்து வரும். பிறகு ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். பாதிக் கேமராக்களில் முள் உயிர் பெற்றுவிடும். கே1000ல் மீட்டரை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி தாங்கும். முள் எழுந்தாலும் முதல் சில மாதங்கள் அதை நம்பி வேலை செய்யாதீர்கள் என்பதுதான் என் யோசனை.

அடுத்து ஷட்டர். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கேமராவைப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் வீடியோ இருக்கிறது. அதில் பின்பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டே ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணிப் பாருங்கள். 1/30 விநாடிக்கு 8, 1/15க்கு 16, 1/8க்கு 30 என்று வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. 1/15ல் முப்பது ஃபிரேம் வந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஷட்டர் ஒரு ஸ்டாப் இழுக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ மாறும் ஒரு படி. மெதுவான வேகங்கள் இழுப்பது பழைய கேமராக்களில் சகஜம். 1/60க்கு மேலே சரியாக இருந்தால் தாராளமாக ஆரம்பிக்கலாம். 1/1000 மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். பிரகாசமான வானத்தைப் பார்த்துத் தட்டும்போது சட்டம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் திரைகள் இரண்டும் ஒத்து ஓடவில்லை. மெக்கானிக் பார்க்கும் வரை அந்த வேகத்தைத் தொடாதீர்கள்.

பின்கதவு விளிம்புப் பள்ளத்தில் வெளிச்சம் புகாமலிருக்க வைத்த கறுப்பு ஃபோம் இந்நேரம் பிசுபிசுவென்று உருகியிருக்கும். பல்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை அமுக்கி வையுங்கள். திருப்பூரில் நூலுக்குப் பஞ்சமில்லை. லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரியும். ஓரத்தில் லேசான இழை இருந்தால் படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. நடுவில் வலையாகப் படர்ந்திருந்தால் எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும்.

இனி வெளிச்சம். ஒரு மாதம் கேமராவில் பிலிமே போடாதீர்கள். எங்கே போனாலும் வெளிச்சத்தைப் பார்த்து “500ல் 8”, “125ல் 4” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் எண் ஷட்டர் வேகம், அதாவது 1/500 விநாடி. அடுத்தது அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் திறப்பு. அந்த எண் பெரிதானால் துவாரம் சிறிது. அதற்குப் பிறகு போனில் ஏதாவது ஒரு இலவச மீட்டர் ஆப்பைத் திறந்து, ஐஎஸ்ஓ (பிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) 400 வைத்துச் சரிபாருங்கள். சொல்வதற்கு முன் ஆப்பைப் பார்க்கக் கூடாது. இதற்குக் காசு செலவில்லை. உங்கள் கேள்வியில் இருந்த பெரிய கவலைக்கு இதுதான் என் பதில்.

அடிப்படை விதி பழையது. நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் எஃப் 16 என்றால், ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். 400 பிலிமுக்கு 1/500, 100 பிலிமுக்கு 1/125. வெயில் குறையக் குறைய அப்பெர்ச்சரைத் திறந்துகொண்டு போக வேண்டும். எவ்வளவு திறப்பது என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முயன்றால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் கண்மணி தானாகவே சுருங்கி விரிந்து எல்லா வெளிச்சத்தையும் ஒன்றுபோலக் காட்டும். நிழலைப் பாருங்கள். ஒரு கையை நீட்டி, அதன் மேல் மற்றக் கையின் விரல் நிழலை விழவையுங்கள். நிழலின் ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் எஃப் 16. ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தால் 11. நிழல் இருக்கிறது, ஆனால் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை என்றால் 8. நிழலே விழவில்லை என்றால் 5.6. திண்ணை நிழல், மரத்தடி, சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரம் இவற்றுக்கெல்லாம் 4. இவை எல்லாமே 400 பிலிம், 1/500 என்ற கணக்கில். 1/250க்குப் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு படி மூடிக்கொள்ளலாம்.

இந்த விதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது, நம்மூர் வெயிலுக்குச் சரிவராது என்று சிலர் சொல்வார்கள். வரும். உச்சி வெயில் எங்கும் கிட்டத்தட்ட ஒரே பலம்தான். நம்மிடம் வேறாக இருப்பது அது விழும் கோணம். பங்குனியிலிருந்து ஆவணி வரை நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. தரையும் துண்டு போட்ட தோளும் எஃப் 16 வெளிச்சத்தில் இருக்க, முகத்தில் கண்குழியும் மூக்குக்குக் கீழேயும் மூன்று ஸ்டாப் இருட்டில் கிடக்கும். விதிப்படி வைத்தால் கழுத்துக்குக் கீழே அருமையான படமும் மேலே கறுப்பு முகமும் கிடைக்கும். நடுப்பகலில் ஆளைப் படமெடுக்கும்போது முகத்தைக் கணக்கில் வைத்து எஃப் 8 வையுங்கள். நெகடிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும், குறைவைத் தாங்காது. சந்தேகம் வரும்போதெல்லாம் திறக்கும் பக்கமே போங்கள்.

கொங்கு நாட்டில் வெளிச்சம் ஏமாற்றும் காலம் கோடையில்லை, ஆனியும் ஆடியும்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மேகங்களை ஓட்டிக்கொண்டு வரும். மழை மேற்கே கொட்டிவிட்டு, கோவை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் மேகமும் வெயிலும் மாறி மாறி ஓடும். ஒரு நிமிஷத்துக்குள் 16லிருந்து 5.6க்கு இறங்கி மறுபடி ஏறும். மீட்டரை நம்புகிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். முள்ளைச் சரிசெய்து, கண்ணைக் கட்டத்தில் வைத்து, ஷட்டரை அழுத்துவதற்குள் வெளிச்சம் போயிருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்வது. வெயில் எண் ஒன்று, மேக எண் ஒன்று. கை அப்பெர்ச்சர் வளையத்தில் இருக்கட்டும். இடையில் எத்தனை கிளிக் என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டுகூட இதைப் பழகலாம்.

தென்னந்தோப்பு இன்னொரு பாடம். பொள்ளாச்சித் தோப்பு ஒன்றில் பதினொரு மணிக்கு நின்றால் தரையில் வெயில் வட்டம் வட்டமாக விழுந்திருக்கும். வட்டத்துக்குள் 16, வெளியே 4. நான்கு ஸ்டாப் வித்தியாசம். எதற்கு வைப்பது? ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். நிழலில் நிற்கிறார் என்றால் நிழலுக்கு வைத்து, வெயில் வட்டங்கள் வெளுத்துப்போகட்டும் என்று விட்டுவிடுங்கள். இரண்டையும் காப்பாற்ற நினைத்து நடுவில் வைக்கும் படங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் உயிரில்லாமல் வருகின்றன.

உள்ளே வந்தால் வெளிச்சம் நாம் நினைப்பதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. சென்னிமலையில் ஒரு கைத்தறிக் குழித்தறியைப் பாருங்கள். கதவு வழியாகவோ கூரைக் கண்ணாடி வழியாகவோதான் வெளிச்சம் வரும். நெசவாளியின் கை ஜன்னல் பக்கம் இருந்தால் 400 பிலிமில் 1/60, எஃப் 2.8 போதும். அறையின் உள்மூலைக்குப் போய்விட்டால் 1/30, எஃப் 2. அதற்குக் கீழே கையில் பிடிக்காதீர்கள்; தூணில் சாய்ந்துகொள்ளுங்கள், அல்லது கேமராவை எங்காவது வையுங்கள். அந்த மங்கலில் தறியின் குறுக்கே நூலைக் கொண்டு ஓடும் நாடா 1/30ல் கோடாக இழுபடும், அது அழகுதான். ஆனால் முகம் அசையாமல் இருக்க வேண்டும். தறி அடிக்கும் தாளத்தில் ஒரு கணம் உடம்பு நிற்கும். அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீட்டர் ஓடினாலும் அதை நம்பாதே என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளக்கிறது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி கட்டிய நாலு பேரை வெயிலில் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மூடச் சொல்லும். வேட்டி சாம்பலாகவும் முகங்கள் கருப்பாகவும் வரும். எருமையைக் காட்டினால் திறக்கச் சொல்லும், எருமை சாம்பலாகிவிடும். நட்ட வயலில் தேங்கிய தண்ணீர் வானத்தைக் காட்டும்போதும் இதே கதைதான். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நடவு நேரம் படமெடுக்கப் போனால் இதைக் கண்ணால் பார்ப்பீர்கள். நிழலை வைத்துப் போடும் கணக்கு இதில் மாட்டாது. அது பொருளின் நிறத்தைப் பார்ப்பதில்லை, பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை மட்டுமே பார்க்கிறது. காங்கேயம் மயிலைக் காளையை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வெளிர் சாம்பல், திமிலும் முன்பின் தொடைகளும் கறுப்பு. மீட்டர் எந்த இடத்தில் படுகிறதோ அதைப் பொறுத்து வெவ்வேறு எண் சொல்லும். நிழல் கணக்கோ ஒரே எண் சொல்லும். அதற்கு மேல் நான் ஒரு ஸ்டாப் சேர்த்துத் திறப்பேன், கறுத்த திமிலில் மயிரின் சுழி தெரிய வேண்டும் என்பதற்காக.

சந்தையில், திருவிழாவில் ஃபோகஸ் செய்துகொண்டிருக்க நேரமிருக்காது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை இரண்டும் உங்களுக்குக் கிட்டத்தில்தான். அங்கே போகும் முன் லென்ஸில் இருக்கும் தூர அளவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 50 எம்எம் லென்ஸில் எஃப் 16 வைத்து ஃபோகஸை 5 மீட்டரில் நிறுத்தினால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே தெளிவு. எஃப் 8ல் 3 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 2.3 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை தெளிவு. மூன்று மீட்டர் என்றால் எவ்வளவு என்று கால் எட்டால் அளந்து பழகிக்கொண்டால் கேமராவைக் கண்ணுக்கு எடுக்கும்போதே படம் தயாராக இருக்கும். அந்தியூரில் குதிரைகளுக்குப் பின்புறம் நிற்காதீர்கள், கட்டத்துக்குள் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உதை வருவது தெரியாது. மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசும் கைகளைப் படமெடுக்கவே வேண்டாம்.

பிலிம் எது வாங்குவது? கறுப்பு வெள்ளையில் ஆரம்பியுங்கள், 400 ஐஎஸ்ஓ. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் நல்லது, கென்ட்மியர் 400 அதைவிட மலிவு. எதை எடுத்தாலும் பத்து ரோலுக்குக் குறையாமல் அதையே போடுங்கள். பிலிமை மாற்றிக்கொண்டே இருந்தால் படம் ஏன் நன்றாக வந்தது என்று கடைசிவரை தெரியாது. இப்போது ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய ஆயிரத்துக்கு மேல் போகிறது, ஒரு அழுத்தலுக்கு முப்பது நாற்பது ரூபாய். பழக்கம் வந்த பிறகு 100 அடி நீளச் சுருளாக வாங்கி, காலி டப்பாக்களில் நீங்களே ஏற்றினால் சுமார் 18 ரோல் தேறும், செலவும் கணிசமாகக் குறையும். சினிமா பிலிமை வெட்டிச் சிறு ரோலாக விற்பவற்றில் ஒரு எச்சரிக்கை. அதன் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு இருந்தால் சாதாரண கலர் லேப் அதை எடுக்காது. அதன் கழுவும் முறையே வேறு.

அந்த இரண்டு ‘இந்து’ பெட்டிகளைப் பற்றி. 1960ல் மத்திய அரசு ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது. 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகளிலும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருக்கும். ஆலை நலிந்து மூடப்பட்டுவிட்டது. இத்தனை வருஷம் அலமாரிச் சூட்டில் கிடந்த பிலிமில் புகைமூட்டம் ஏறியிருக்கும். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடு என்பார்கள், ஆனாலும் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கற்கும்போது பிலிம் மேல் சந்தேகம் இருக்கக் கூடாது. பெரியப்பா நினைவாகப் பிரிக்காமலே வைத்துக்கொள்ளுங்கள்.

புது பிலிமை ஃபிரிட்ஜில் வையுங்கள், எடுத்தபின் ஒரு மணி நேரம் பிரிக்காமல் வெளியே விட்டுப் பிறகு திறங்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும். கோடையில் ஈரோடு, கரூர்ப் பக்கமெல்லாம் 40 டிகிரி தொடுகிறது. பைக் பெட்டிக்குள் கேமராவை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பிலிம் ஏற்றும்போது நுனியைச் சுருளும் தண்டில் செருகி, பற்கள் இரண்டு பக்கத் துளைகளிலும் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே கதவை மூடுங்கள். மூடிய பின் இடப்பக்கம் இருக்கும் திருகைத் தளர்வு போகும்வரை மெல்லச் சுற்றி இறுக்கிவிட்டு நெம்புகோலை இழுங்கள். திருகும் கூடவே சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் முப்பத்தாறு படமும் எடுத்த நினைவோடு வெறும் பிலிமைக் கழுவுவீர்கள். ஐஎஸ்ஓ எண்ணையும் நீங்கள்தான் வைக்க வேண்டும், கேமரா டப்பாவைப் படித்துத் தெரிந்துகொள்ளாது.

முதல் ரோலில் நல்ல படம் எடுக்க முயலாதீர்கள். ஒரே காட்சியை நிழல் கணக்குப்படி ஒன்று, ஒரு ஸ்டாப் திறந்து ஒன்று, இரண்டு திறந்து ஒன்று, ஒன்று மூடி ஒன்று என்று எடுங்கள். வெயில், மேகம், திண்ணை, வீட்டுக்குள் என்று இடம் மாற்றி மாற்றி இதையே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்: எண், அப்பெர்ச்சர், வேகம், நிழல் ஓரம் எப்படி இருந்தது. கழுவின பிறகு நெகடிவை ஜன்னலில் காட்டி நோட்டோடு வைத்துப் பாருங்கள். நிழல் இருந்த இடம் நெகடிவில் கண்ணாடியாக வெறுமையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, அங்கே எதுவும் பதியவில்லை. லேசாகவாவது உருவம் இருந்தால் போதும். நெகடிவைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஸ்கேன் செய்பவர் எவ்வளவு திருத்தினார் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

செம்மண் காட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது ஒரு மஞ்சள் ஃபில்டர் கையில் இருந்தால் நல்லது. வானம் கொஞ்சம் கருக்கும், மேகம் எழும்பும், மண்ணும் காயப்போட்ட மஞ்சளும் வெளிரும். அதற்கு ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பு ஃபில்டருக்கு மூன்று.

இனிக் கழுவுவது. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், கழுவுங்கள். வெளிச்சம் புகாத ஒரு டாங்க், இரண்டு பாட்டில், ஒரு தெர்மாமீட்டர், இருட்டுக்கு இரவு நேரக் குளியலறை போதும். பிலிமை ரீலில் ஏற்றும் பழக்கம் வருவதற்கு ஒரு கெட்டுப்போன ரோலைத் தியாகம் செய்து, முதலில் வெளிச்சத்தில் கண் திறந்தும் பிறகு கண் மூடியும் பல முறை ஏற்றிப் பாருங்கள். சித்திரை வெக்கையில் கை வியர்த்தால் பிலிம் ரீலில் ஒட்டிக்கொண்டு நகராது. ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், விடியற்காலையில் ஏற்றினால் சுலபம்.

பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பராக டி-76 போதும். 1927 முதல் இருக்கும் கலவை, நீங்களே கலக்கலாம். 50 டிகிரிச் சூட்டில் 750 மில்லி தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை சோடியம் சல்பைட், பிறகு மெட்டால் 2 கிராம், அது கரைந்த பின் மீதி சல்பைட் (முதலில் போட்ட சிட்டிகையோடு சேர்த்து மொத்தம் 100 கிராம்), ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெங்காரம் (போராக்ஸ்) 2 கிராம். கடைசியில் தண்ணீர் விட்டு 1 லிட்டராக்க வேண்டும். வரிசை முக்கியம், சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாது. கெமிக்கல் கடையில் கேட்கும்போது சல்பைட் என்று அழுத்திச் சொல்லுங்கள், சல்பைடு வேறு சரக்கு. கையுறை போடுங்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பு கொண்டுவரும். நிறைத்து மூடிய பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும். ஒரு ரோலுக்கு இதில் 150 மில்லியும் தண்ணீர் 150 மில்லியும் கலந்து ஊற்றி, ஒரு முறை பயன்படுத்தியதும் கொட்டிவிடுங்கள்.

நம்மூர்ச் சிக்கல் சூடு. எச்பி5க்கு இந்தக் கலவையில் 20 டிகிரிக்கு 13 நிமிஷம் என்று அட்டவணை சொல்லும். மாடித் தொட்டித் தண்ணீர் மார்ச் மாதத்திலேயே 30ஐத் தாண்டும். இருபதுக்கு இறக்கிப் பிடித்து வைக்கப் போராடுவதைவிட, ஐஸ் போட்ட வாளிக்குள் பாட்டில்களை நிறுத்தி 24க்குக் கொண்டுவந்து, 9 நிமிஷம் கழுவுவது நம்பகமானது. டிகிரிக்குச் சுமார் பத்து சதவீதம் நேரம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 5 நிமிஷத்துக்குக் கீழே வருமளவுக்குச் சூடாக விடாதீர்கள், பிலிமில் திட்டுத்திட்டாக வரும். டெவலப்பர், அதைக் கொட்டியபின் படத்தை நிலைநிறுத்த ஊற்றும் ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். முதல் அரை நிமிஷம் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு நிமிஷத்துக்குப் பத்து விநாடி. ஹைப்போவில் எவ்வளவு நேரம் என்பதற்குப் பிலிம் நுனி ஒரு துண்டை அதில் போட்டுப் பாருங்கள். அது தெளிய ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு.

இன்னொரு சிக்கல் தண்ணீர். சிறுவாணி வரும் வீடு என்றால் கவலையில்லை. திருப்பூர், ஈரோடு போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசியாக அதில் அலசிக் காயப்போட்டால் நெகடிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும், வானத்தில் அவை பளிச்சென்று தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி, தண்ணீர் துளியாக நிற்காமல் வழிய வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் ஒரு துளி விட்டு முக்கி எடுங்கள். அதற்கு முன் ஓடும் குழாயில் அரை மணி நேரம் அலசவும் தேவையில்லை. டாங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி நிரப்பி இருபது முறை. தண்ணீருக்கு அலையும் ஊர்க்காரருக்கு ஏற்ற முறை இது.

தீர்ந்துபோன ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது, அது நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் போட்டு மூடாமல் சில நாள் விட்டால் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். அல்லது பழைய எக்ஸ்ரே பிலிம் வாங்கி வெள்ளி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம். சாயத் தண்ணீரால் நொய்யல் பட்ட பாடு, 2011ல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்குப் போனது. உங்கள் ஊர் நடுவில் ஓடும் ஆறு அது. நம் பங்குக்கு ஒரு டம்ளர்கூட அதில் போய்ச் சேர வேண்டாம்.

கலர் பிலிமைப் பெங்களூரு, சென்னை லேப்களுக்குக் கூரியரில் அனுப்பிக் கழுவிக்கொள்ளலாம். வீட்டிலும் முடியும், ஆனால் டெவலப்பர் 37.8 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். கறுப்பு வெள்ளை கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். நெகடிவை லைட் பேட் மேல் வைத்து டிஜிட்டல் கேமராவால் பிடித்தாலே நல்ல ஸ்கேன் கிடைக்கும்.

பெரியப்பா ஸ்டூடியோ என்பதால் ஒன்று கேட்கிறேன். பரணிலோ பின்னறையிலோ நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் ஒன்று கட்டாயம் இருக்கும். உயரமான கம்பத்தில் விளக்குப் பெட்டி தொங்கும் கருவி அது. இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் அதை எடுத்து வையுங்கள். கீழே இருக்கும் லென்ஸை டார்ச்சில் பார்த்து, பூஞ்சை இருக்கிறதா, அதில் எத்தனை எம்எம் என்று போட்டிருக்கிறது, நெகடிவ் வைக்கும் தட்டு எந்த அளவு என்று எழுதி அனுப்புங்கள். பிரிண்ட் போடுவதைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.